பதினெட்டாவது சட்டை

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் என் போன் ஏழு தடவை அடித்தது. ஏழு தடவையும் ஒரே ஆள்தான்: எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் பெர்னடெற் அக்கா. எட்டாவது தடவை எடுத்தேன்.

"மாதங்கி, உடன கீழ வாரும். வேலை கிடக்கெண்டு சொல்லாதையும். எல்லாம் பிழைச்சுப் போச்சு."

"என்னக்கா ஆச்சு? அண்ணனுக்கு ஏதாவது…"

"அவருக்கு என்ன, அவர் பஸ் ஓடுறார். சுவிஸ்தான் பிழைச்சது."

ஸ்ட்ரெதம் ஹைரோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவரால் சுவிட்சர்லாந்தையே பிழையாக்க முடியும் என்றால், அது பெர்னடெற் அக்காவால்தான் முடியும். கேமராவை அணைத்தேன், செருப்பை மாட்டினேன், படிகளில் ஓடினேன். எங்கள் நட்பு இந்த வேகத்தில்தான் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்னடெற் அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது. ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். இருபத்திரண்டு வயதில் லண்டனுக்கு வந்தார். கணவர் கொட்வின் அண்ணன் 159 ஆம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். அக்கா பதினேழு வருடம் ஸ்ட்ரெதமில் செபமாலைமுத்து என்பவருடைய டிரை கிளீனிங் கடையின் ஜன்னலோரம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி போடுவது. "லண்டனில பாதிப் பேருக்கு ஒரு கால் மற்றக் காலை விட நீளம், அது எனக்குத்தான் தெரியும்" என்பார். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகக் கோபிப்பார், இரண்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது.

நான் திருச்சிக்காரி. மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். இந்தக் கதையில் அது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

இந்த வருடம் ஜனவரியில் ஃப்ரேயா என்ற வெள்ளைக்காரப் பெண் ஒரு பழைய கோட்டைத் தைக்கக் கொடுத்தார். கெனிங்டனில் சிறுவர் நாடகம் போடும் ஒரு குழுவுக்கு உடைகளை வடிவமைப்பவர் அவர். கோட்டை வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாராம். யாரும் பார்க்காத இடத்தில் அக்கா போட்டிருந்த தையலை விரலால் தடவினாராம். அங்கேயே, செபமாலைமுத்து அண்ணன் காது கேட்கவே, "என்னோடு வேலைக்கு வருகிறாயா?" என்று கேட்டுவிட்டார். ஆறு வாரம் சோதனையாக வேலை. அடுத்த நாடகத்துக்கு உடை தைக்க வேண்டும், நன்றாக வந்தால் நிரந்தர வேலை. உடையறை முழுவதும் அக்காவின் பொறுப்பு.

செபமாலைமுத்து அண்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் கடைக்காரர். "போ தங்கச்சி, ஆனா ஆறு கிழமைதான். அதுக்குப் பிறகு வாற திங்கட்கிழமை நீ வராட்டில், அந்தக் கதிரையில வேற ஆள் இருக்கும்" என்றார்.

அக்கா போனார். போன அன்றைக்கு மாலை என் கதவைத் தட்டி, "மாதங்கி, அங்க ஒரு அறை முழுக்க நூல். நிறம் நிறமா நூல்! சுவர் தெரியேல்லை" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதினேழு வருடம் கறுப்பு, நீலம், சாம்பல் மட்டும் கோத்த ஊசி அது.

நாடகம் இதுதான். 1942. ஐரோப்பா முழுக்க யுத்தம். சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடம். பிரான்சில் குண்டுவீச்சில் வீட்டை இழந்த ஒடில் என்ற சிறுமி மூன்று மாதம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள அங்கே வருகிறாள். வகுப்பில் அவளோடு சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் இருந்த நாடகத்தை நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கதையாகச் சொன்னேன். ஒடில் வருகிற இடத்தில் மட்டும், "திரும்பச் சொல்லும்" என்றார்.

ஃப்ரேயா இரண்டு படம் வரைந்து கொடுத்தார். ஒன்றில் பையன்: பழுப்புக் கம்பளித் துணியில் அரைக் கால்சட்டை, சாம்பல் சட்டை, தொடை வரைக்கும் கம்பளிக் காலுறை. இன்னொன்றில் பெண்: நீலச் சாம்பல் கவுன் (அக்கா இதையும் சட்டை என்பார்), அதன்மேல் கட்டம் போட்ட ஏப்ரன். அந்தக் காலுறை கீழே நழுவாமல் இருக்க, உள்ளே கையில்லாத ஒரு குட்டி மேலாடை. அதிலிருந்து தொங்கும் எலாஸ்டிக் நாடாவில் காலுறையைப் பொத்தானால் மாட்ட வேண்டும். பையன்களுக்கும் அதேதான். "ஆம்பிளைப் பிள்ளையளும் இதைப் போட்டவையாம்!" என்று அக்கா ஒரு வாரம் சிரித்தார். படங்களோடு பதினெட்டுப் பிள்ளைகளின் அளவுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு, ஃப்ரேயா வேறொரு வேலையாக நான்கு வாரம் ஊரிலேயே இல்லை.

அக்கா தைத்தார். என்ன தையல்! முதல் பையனின் உடையைப் படமெடுத்து ஃப்ரேயாவுக்கு அனுப்பினார். "அற்புதம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மிச்சம் பதினேழையும் முடித்தார். அந்த வியாழனுக்கு முந்தின வாரம் நான் உடையறைக்கே போய்ப் பார்த்தேன். நீளமான கம்பியில் ஒன்பது பழுப்பு, ஒன்பது நீலம். மடிப்புக் கலையாமல், கஞ்சி போட்டு, அளவு மட்டும் மாறி, வரிசையாகத் தொங்கின. எனக்கு மெய்சிலிர்த்தது. "அக்கா, பிரேயர் பெல் அடிச்ச மாதிரி இருக்கு!" என்றேன்.

தப்புக் கண்டுபிடிப்பவள் சொன்ன வார்த்தை அது!

வியாழக்கிழமை நான் கீழே ஓடிப்போனபோது அக்கா சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. சமையல் மணம் இல்லாத அந்த வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஃப்ரேயா வந்திட்டா. படத்தைக் கொண்டு வந்து காட்டினா. பாரும்."

பார்த்தேன். யுத்தக் காலத்துச் சுவிஸ் பள்ளி வகுப்பு ஒன்று. முப்பது பிள்ளைகள் மூன்று வரிசையாக. ஒருத்தி பின்னல் ஸ்வெட்டர், ஒருத்தி கோடு போட்ட கவுன், ஒரு பையன் அண்ணனுடைய கோட்டில் பாதி மறைந்து நிற்கிறான், ஒருவனுக்கு ஏப்ரன், ஒருவனுக்கு முழங்கையில் ஒட்டு. ஆளுக்கு ஓர் உடை. ஒருவருடையதுபோல் இன்னொருவருடையது இல்லை.

"யூனிஃபார்ம் எங்கக்கா?"

"அதைத்தான் நானும் கேட்டனான். அப்பிடி ஒண்டு அங்க இருந்ததே இல்லையாம். அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. வீட்டில என்ன கிடக்கோ அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போறதாம்!"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் திருச்சியில் பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. அவர் யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலுறை. இங்கே ஸ்ட்ரெதமில் காலை எட்டரைக்கு ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க நீலக் கோட்டும் கழுத்துப்பட்டியும். பள்ளிக்கூடம் என்றால் யூனிஃபார்ம் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல. யாராவது அதை ஒரு கேள்வியாகக் கேட்பார்களா? ஃப்ரேயா வரைந்த இரண்டு படங்களும் உதாரணம். அக்காவுக்கு அவை உத்தரவு.

"சின்ன ஆமிப் பட்டாளம் மாதிரி இருக்காம். திங்கட்கிழமை பத்து மணிக்கு உடுப்போட ஒத்திகை. ஃப்ரேயா நாளைக்கே எங்கயாவது வாடகைக்கு எடுக்கப் போறன் எண்டா. நான் காலில விழாத குறையாக் கேட்டு, திங்கள் காலமை வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறன். அதுக்குள்ள பதினெட்டையும் இந்தப் படத்தில மாதிரிப் பழசாக்கிக் காட்டவேணுமாம். சரிவந்தால் பாப்பம், இல்லாட்டி வாடகை உடுப்பும், எனக்கு டாட்டாவும்தான்."

அதே திங்கட்கிழமைதான் செபமாலைமுத்து அண்ணன் கடை நாற்காலியும் போகிறது. இரண்டு வேலையும் ஒரே காலையில் கையை விட்டுப் போகும் நிலைமை. எனக்கு ஃப்ரேயா மீது பயங்கரக் கோபம் வந்தது. இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா? அக்காவுக்கோ அழ நேரம் முடிந்துவிட்டது. மூக்கைத் துடைத்தார்.

"உம்மட கொம்பியூட்டரில இந்தப் படத்தைப் பெருசாக்க ஏலுமே?"

ஏலும் என்றேன். மேலே ஓடி லேப்டாப்பை எடுத்து வந்தேன். முன்வரிசைச் சின்னப் பையனின் முழங்கை ஒட்டைப் பெரிதாக்கினேன். ஒட்டில் மெல்லிய கோடுகள். அக்கா திரைக்கு மூக்கைக் கொண்டுபோனார். பிறகு பின்வரிசையில் இருந்த ஓர் உயரமான பெண்ணைக் காட்டி, "இவவின்ர பாவாடையை" என்றார். பெரிதாக்கினேன். அதே கோடுகள்!

"தமக்கையும் தம்பியும்!" அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அவவின்ர பாவாடையில மிஞ்சின துணி அவன்ர கையில கிடக்கு. இஞ்ச பாரும், இந்தக் கோட் முதல்ல ஒரு பெரிய ஆளின்ர. இந்தச் சட்டையின்ர கீழ்ப்பக்கம் ஒரு கோடு தெரியுதே? போன வருசம் அதுவரைக்கும்தான் நீளம். அவிட்டு விட்டிருக்கினம். துணி கூப்பனுக்குத்தான் குடுத்தவையாம், ஃப்ரேயா சொன்னவ. கடையும் ஒண்டுதான் இருந்திருக்கும். துணி எல்லாருக்கும் ஒண்டுதான் மாதங்கி! துணியின்ர வயசுதான் வேற!"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. துணியை மாற்றவே வேண்டாம். பதினெட்டுப் பிள்ளைகளை ஆறு குடும்பமாக்கினால் போதும். மூத்தவனுக்குத் தைத்தது இரண்டாமவனுக்கு வந்து, கிழிந்து, ஒட்டுப் போட்டு, மூன்றாமவளுக்கு ஏப்ரனாக வந்து சேர வேண்டும். பத்து வருடத்துக் குடும்பச் சரித்திரத்தை மூன்று நாளில் துணியில் எழுத வேண்டும். ஆபீஸுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். இதை என் மேலாளர் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஆனால் ஒட்டுப்போட, நீட்ட, மிச்சத் துணி வேண்டுமே? வாங்கிய துணி தீர்ந்துவிட்டது. நான் இதைக் கேட்டதும் அக்கா, உடையறையிலிருந்து வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்த மூட்டையிலிருந்து ஒரு கவுனை எடுத்து, தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். கீழ் விளிம்பில் நான்கு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தது. பதினெட்டிலும் அப்படியே. கால்சட்டையில், கையில், இடுப்பில், எல்லா இடத்திலும் மடிப்பு.

"இதெதுக்குக்கா? மூணு வாரம் ஓடப்போற நாடகம். அதுக்குள்ள பிள்ளைங்க வளர்ந்துடுமா?"

"ஃப்ரேயாவும் காலமை இதைப் பாத்துத்தான் துணியை வீணாக்கிப் போட்டாய் எண்டு பேசினவ. வளருற பிள்ளைக்கு மடிப்பு விடாமல் தைக்க என்ர கை விடாது. நான் என்ன செய்ய?"

அந்தக் கை விடாத பழக்கம்தான் எங்களுக்குத் துணிக்கடை!

வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் நடந்ததை நான் எப்படிச் சொல்வது? மடிப்பை நனையவிடாமல், கவுனின் மேல்பகுதியை மட்டும் ப்ளீச்சிலும் பிறகு தேயிலைச் சாயத் தண்ணீரிலும் அலசிக் காயவைத்தோம். காய்ந்த பிறகு மடிப்பைப் பிரித்தால், உள்ளே பதுங்கியிருந்த துணி பழைய நீலச் சாம்பலாகவே, வெளியே இருந்தது வெளுத்து, நடுவில் போன வருடத்துக் கோடு! முதல் கவுனில் அந்தக் கோடு வந்ததும் நானும் அக்காவும் கைகோத்துக்கொண்டு குதித்தோம். இரண்டு வருடம் நீண்டதற்கு இரண்டு கோடு என்று அடுத்ததில் இன்னும் முன்னேறினோம்.

கொட்வின் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. பின்தோட்டத்தில் செங்கல்லைக் கொடுத்து, ஒரு கால்சட்டையைக் கையில் திணித்தார் அக்கா.

"இஞ்சாருங்கோ, பின்பக்கத்தைத் தேயுங்கோ. ஓட்டை விழக்கூடாது, விழப்போற மாதிரி இருக்கவேணும்."

"பெர்னா, பஸ்ஸில பத்து மணித்தியாலம் இருந்து இருந்து என்ர காற்சட்டை தன்பாட்டில தேஞ்சிருக்கு, அதைத் தரட்டே?"

"கதையாதையுங்கோ, தேயுங்கோ!"

ஹைரோட்டுப் பழைய துணிக்கடைகளில் இருந்து இரண்டு பை நிறைய ஸ்வெட்டர் அள்ளிக்கொண்டு வந்தேன். கொஞ்சத்தைச் சின்னதாக்கினோம், கொஞ்சத்தைப் பிரித்து அந்த நூலிலேயே காலுறைகளின் முட்டியில், கிழிசலை அடைத்த மாதிரி, வேறு நிறத்தில் இழையோடினோம். கடைசியில் ஒரு பெரியவரின் கோட்டு தேவைப்பட்டது. அக்கா என்னையே பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. லண்டனில் என் முதல் குளிர்காலத்துக்கு வாங்கிய பழுப்புக் கம்பளிக் கோட்டு, பத்து வருடமாகக் கூடவே இருப்பது. மேலே போய் எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். அது பதினொரு வயதுப் பையனுக்கு அப்பாவின் கோட்டாகிவிட்டது. என்னைவிட அவனுக்குத்தான் அது எடுப்பாக இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததும் மறுபடி தொடங்கினோம். நான்கு மணிக்கு எண்ணினேன். பதினேழு முடிந்திருந்தது. ஒன்று மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள், கஞ்சி கலையாமல், ஏப்ரனின் மடிப்பு கத்தி முனையாக, கதவில் தொங்கியது.

"அக்கா, ஒண்ணு விட்டுப்போச்சு. குடுங்க, நான் அலசுறேன்."

"அதில கை வையாதையும்!"

திடுக்கிட்டுவிட்டேன். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அது ஒடிலுக்கு. அது அப்பிடியே இருக்கட்டும்."

"ஃப்ரேயா பதினெட்டையும் பழசாக்கச் சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல வேலையே போயிடும்க்கா."

"தெரியும்" என்றார். அவ்வளவுதான். தேநீர் போடப் போய்விட்டார். களைத்துப்போய்ப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை. கொழும்புக்குக் கொண்டுபோகும் பெரிய சூட்கேஸ் மூன்றில் ஒரு சுவிஸ் கிராமத்தை அடைத்துக்கொண்டு 159 இல் ஏறினோம். ஓட்டுநர் ஆசனத்தில் கொட்வின் அண்ணன்! ஷிப்டை மாற்றி வாங்கியிருக்கிறார், சொல்லவே இல்லை. எங்களைத் தெரியாதவர்போல் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் கெனிங்டனில் இறங்கியபோது மட்டும் கண்ணாடி வழியாகப் பெருவிரலை உயர்த்தினார்.

உடையறையில் பிள்ளைகள் ஆரவாரம். காலுறை கடிக்கிறது என்று ஒருத்தி. அந்தக் குட்டி மேலாடையைப் போடவே மாட்டோம் என்று நாலு பையன்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் உடையோடு குடும்பத்தையும் கொடுத்தார். "நீயும் இவளும் இவனும் ஒரு வீடு. உன்ர கோட் அப்பாவின்ர. இது உன்ர அண்ணன்ர காற்சட்டை, நீ அவனில கோவமா இருக்கவேணும்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். அண்ணனாக்கப்பட்டவன் உடனே தம்பியின் தலையில் தட்டினான். தம்பி திருப்பித் தள்ளினான். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்காத பிள்ளைகள்!

பத்து மணிக்கு அவர்கள் மேடையில் மூன்று வரிசையாக நின்றார்கள். ஃப்ரேயா கையில் அந்தப் புகைப்படம். படத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். ஏறிப்போய் ஒரு சின்னப் பெண்ணின் முழங்கை ஒட்டைத் தொட்டார், அதே துணியில் பாவாடை போட்ட அவள் தமக்கையைத் தேடினார், கண்டுபிடித்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல ஏறியது.

அப்போது ஒடில் வந்தாள். நடிக்கும் சிறுமியின் பெயர் அடா, பத்து வயது. புத்தம் புது நீலக் கவுன். புது ஏப்ரன். இழையோடாத காலுறை. ஃப்ரேயாவின் சிரிப்பு இறங்கிவிட்டது.

"பதினெட்டும் என்று சொன்னேன். நேரம் இல்லாவிட்டால் என்னிடம் சொல்லியிருக்கலாம். பாதி முடித்த வேலையை நான் மேடை ஏற்ற மாட்டேன்."

அக்கா முன்னால் போனார். அவர் பேசிய ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் என்னைக் கோபிப்பார். அதனால் அவர் வீட்டில் பேசுகிற தமிழிலேயே தருகிறேன்.

"நேரம் இருந்தது. நான்தான் வேணுமெண்டு விட்டனான். இந்தப் பிள்ளையின்ர வீடு குண்டில போச்சு. அண்ணன்ர சட்டை இல்லை, அம்மாவின்ர பாவாடையில வெட்டின துணி இல்லை. அப்ப இவவுக்கு ஆர் பழசு குடுக்கிறது? ஒரு சங்கம் வந்து, ஒரே நாளில, ஒரே கடையில எல்லாம் புதுசா வாங்கிக் குடுத்திருக்கும். இந்த வகுப்பில புதுசு போட்டிருக்கிற பிள்ளைதான் ஒண்டுமே இல்லாத பிள்ளை."

அக்கா அதோடு நிறுத்தவில்லை.

"தொண்ணூற்றைஞ்சில சண்டையால நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடினனாங்கள். எனக்குப் பதினாலு வயசு. போட்டிருந்த உடுப்போட கிளிநொச்சிக்குப் போனம். அங்க உதவி குடுக்கிற ஆக்கள் புது வெள்ளைத் துணி தந்து யூனிஃபோம் தைப்பிச்சவை. வகுப்பில எல்லாற்றையும் செம்மண் ஏறிப் பழுத்த வெள்ளை. என்ர மட்டும் கண்ணைக் கூசுற வெள்ளை. பேர் கேக்க முன்னமே எல்லாருக்கும் விளங்கிப்போச்சு, இது இடம்பெயர்ந்து வந்தது எண்டு. நான் ஒரு கிழமையா அந்தச் சட்டையைக் கிணத்தடிக் கல்லிலையும் மண்ணிலையும் போட்டு உரஞ்சினன். மற்றவையின்ர மாதிரி வரவேணுமெண்டு." பின்னால் நின்ற பதினேழு பிள்ளைகளைக் காட்டினார். "பழசாக்கிற வேலையை நான் அங்கதான் பழகினது."

ஆறு வருடம் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

ஃப்ரேயா புகைப்படத்தைப் பையில் வைத்தார். "அந்த உடுப்பு அப்படியே இருக்கட்டும்" என்றார். "ஒத்திகையைத் தொடங்குங்கள்." வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வந்ததும் அக்கா போனை எடுத்தார். "செபமாலைமுத்து அண்ணை, பெர்னடெற் கதைக்கிறன். நான் வரேல்லை. நீங்கள் ஆளை வையுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அக்கா! உங்களுக்குப் பைத்தியமா? இங்க இன்னும் வேலை குடுக்கலையே!"

"ஓம், விசர்தான்" என்று சிரித்தார். "ஆனா நான் இனி ஜிப் மாத்தேலாது மாதங்கி. இண்டைக்குப் பிறகு ஏலாது."

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு முதல் காட்சி. அக்கா, நான், லீவு போட்டு வந்த கொட்வின் அண்ணன், மூவரும் நான்காவது வரிசையில். அக்காவின் மறுபக்கத்தில் ஃப்ரேயா. திரை விலகியதும் அந்த ஆறு குடும்பங்களும் அடிதடியோடு மேடைக்குள் பாய்ந்தன. அரங்கத்துப் பிள்ளைகள் யார் யாருக்கு அண்ணன் தம்பி என்று விரல்நீட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என் கோட்டுக்குத் தனியாக ஒரு சிரிப்புக் கிடைத்தது. நான் எழுந்து வணங்காத குறை.

பிறகு ஒடில் கதவில் நின்றாள். ஆசிரியை அவளை அறிமுகம் செய்யும் வசனம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டிருந்தார்கள். தேவைப்படவில்லை. பதினேழு பேரும் திரும்பி அவள் உடுப்பைப் பார்த்தார்கள், அரங்கம் அடங்கிவிட்டது.

இடைவேளைக்குச் சற்று முன், மேடையில் அவள் மட்டும். நாடகப் பிரதியில் அந்த இடத்தில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடா நிற்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். மெல்லக் குந்தினாள். தன் புதுக் கவுனின் கீழ்விளிம்பைப் பிடித்து, மேடையின் தூசித் தரையில் போட்டு, உரசு உரசு என்று உரசினாள்.

அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி ஒரு வாரம் தழும்பு இருந்தது. கன்னத்தில் கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவே இல்லை. கொட்வின் அண்ணன் குனிந்துகொண்டார்.

ஃப்ரேயா அக்காவின் காதருகே சாய்ந்தார். அந்தப் பிள்ளை இனி ஒவ்வொரு காட்சியிலும் இதைச் செய்வாள், ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு புதுக் கவுன் வேண்டுமே, யார் தைப்பது என்று கேட்டார். பிறகு, "இதற்கும், அடுத்த நாடகத்துக்கும், அதற்கடுத்ததற்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அக்கா மேடையில் இருந்து கண்ணை எடுக்காமல் விரல் மடித்து எண்ணினார்.

"இன்னும் பத்தொன்பது காட்சி. பத்தொன்பது சட்டை. இண்டைக்கே துணி வெட்டவேணும்" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா கீழ நாலு அங்குலம் மடிப்பு விட்டுத்தான் தைப்பன். அதை ஃப்ரேயாவுக்குச் சொல்லும்" என்றார்.